ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை



"சார், இந்த வயசுல ஓட்டம் எதுக்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். ஓய்வு பெற்ற ஆண்டே எனக்குச் சர்க்கரை வந்தது. அப்பாவுக்கு அதனால்தான் ஒரு காலை எடுத்தார்கள். என் கால் கடைசிவரை என்னோடு இருக்க வேண்டும், காரணம் அவ்வளவுதான்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படிப் பத்து முறை. வாரத்தில் மூன்று நாள். ஓடும்போதே பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். வீடு திரும்பியதும் பாதத்தில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் குறிப்பேன். உங்களுக்கெல்லாம் 'ஆப்சென்ட்' போட்ட கைக்கு, தனக்குப் போட மனசு வருவதில்லை!

எட்டு மாதம் ஆயிற்று. போன ஞாயிறு நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடினேன், 44 நிமிடத்தில். 89 வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கிய ஃபௌஜா சிங், 2011-இல் டொரண்டோவில் 100 வயதில் 42.195 கிலோமீட்டரை முடித்தார். அவருக்கு முன் நான் சின்னப் பையன்.

ஊருக்கு வந்தால் காலையில் மைதானத்துக்கு வாருங்கள். என்னை முந்திப் போங்கள். மாணவன் முந்துவதுதானே வாத்தியாருக்குப் பெருமை!