எண்ணூருக்கு ரெண்டு டிக்கெட்!

சினிமா ஷூட்டிங் நடந்த இடத்தைப் பார்க்க மெனக்கெட்டுப் போறவங்க நம்ம ஊர்ல ஏகப்பட்ட பேர். பொள்ளாச்சிப் பக்கம் டூர் போனா, 'இந்த வாய்க்கா மேட்டுலதான் ஹீரோயின் ஆடுனாங்க'னு காட்டுறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பார். ஆனா, எந்தப் படத்துலயும் வராத, எந்த பெரிய ஆடியோ கம்பெனியும் வெளியிடாத ஒரு பாட்டோட லொகேஷனைத் தேடி யாராச்சும் போயிருக்கீங்களா? நானும் என் ரூம்மேட்டும் போனோம். ஒரு சனிக்கிழமை காலை, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தோம். எண்ணூருக்கு டிக்கெட், ஒரு டீ காசுகூட ஆகலை!

பாட்டு எதுன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. 'சென்னை புறம்போக்கு பாடல்'. 2017 பொங்கல் சமயத்தில் யூடியூபில் வந்தது. பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்காமல் தன் பாட்டைத் தானே எழுதி, தானே பாடி, நெட்டில் ஏற்றி வந்தவர். மெட்டு ஆர்.கே.ஸ்ரீராம்குமார், வீடியோ இயக்கம் ரதீந்திரன் ஆர்.பிரசாத். ராகமாலிகைதான், ஆனா வார்த்தைகள் நம்ம தெருப் பேச்சு. சபா மேடைக்குப் பதிலா எண்ணூர் கழிமுகம். பின்னாடி திரைச்சீலைக்குப் பதிலா அனல்மின் நிலையம்!

என் ரூம்மேட் இந்தப் பாட்டை முதல் வருஷம் ஹாஸ்டல் மொட்டை மாடியில கேட்டான். அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம். செகண்ட் ஹேண்டில் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், லேப்டாப்பில் ரீப்பர் சாஃப்ட்வேர்... இவ்வளவுதான் அவன் ஸ்டுடியோ. கட்டிலைச் சுத்திக் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திட்டு, வேர்த்து ஊத்த ஊத்தப் பாடுவான். நான் வாசல்ல நின்னு, 'ஸ்ஸ்ஸ்... டேக் போகுது'ன்னு காரிடார்ல போறவங்களை அடக்கணும். (இதுக்கு எனக்கு இதுவரைக்கும் சம்பளம், ரெண்டு பரோட்டா.)

இப்படி ரெண்டு பாட்டு ரிலீஸ் பண்ணிட்டான். வருஷ சந்தா கட்டினா, ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்னு எல்லா இடத்துலயும் பாட்டு போயிடும். உலகத்துல எங்கிருந்தும் கேட்கலாம். கேட்கணுமே? ஸ்பாட்டிஃபையில் 2024-ல் இருந்து ஒரு விதி. பன்னிரண்டு மாசத்துல ஒரு பாட்டு ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் காசுக் கணக்கே ஆரம்பிக்கும். யூடியூபில் வழக்கமான வீடியோவுக்கு விளம்பரக் காசு வேணும்னா ஆயிரம் சந்தாதாரர், ஒரு வருஷத்துல நாலாயிரம் மணி நேரம் ஓடியிருக்கணும். நம்மாளோட முதல் பாட்டு ஓடினது முந்நூத்திச் சொச்சம். 'அதுல நாப்பது எங்கம்மாடா'ன்னு அவனே சொல்லுவான்.

மூணாவது பாட்டு எண்ணூர் பத்தி. 'லிரிக்ஸ் ரெடி, மெட்டு ரெடி. அங்கே இருக்குற சவுண்டு மட்டும் கொஞ்சம் ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துடலாம் மச்சான்'. ஒரு தடவைகூட எண்ணூர் பக்கம் போகாமல் எண்ணூருக்குப் பாட்டு எழுதியிருந்தான். எனக்கும் அப்போ அது ஒண்ணும் உறுத்தலை. யூடியூப்ல பார்த்தாச்சே!

ரயில் கொருக்குப்பேட்டை தாண்டும்போதே காற்றோட வாசனை மாறுது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர்... ஜன்னல்ல கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிக்குது. தென் சென்னையில் பீச் பார்க்கக் கூட்டம் கூட்டமாப் போற நாம, இதே கடற்கரை வடக்கே எப்படி இருக்குன்னு பார்த்ததே இல்லை. கத்திவாக்கத்துக்கு அடுத்து எண்ணூர்.

ஸ்டேஷன்ல இறங்கி, கேட்டுக் கேட்டு ஆத்தங்கரைக்குப் போனோம். கொசஸ்தலையாறு கடல்ல கலக்கிற இடம். ஒரு பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்தோட புகைபோக்கிகள், அதுக்கு அந்தாண்ட வல்லூர். நிலக்கரி எரிஞ்ச சாம்பலைத் தண்ணியில கரைச்சு, குழாய் வழியா சாம்பல் குளத்துக்கு அனுப்புறாங்க. அந்தக் குழாய் வருஷக்கணக்கா ஒழுகி ஒழுகி, ஆத்தோட அடியில சாம்பல் மேடு கட்டியிருக்கு. கரையோரச் சேற்றில் கால் வெச்சேன். சேறு மாதிரி இல்லை... சிமென்ட் கரைசல் மாதிரி பாதத்துல ஒட்டுச்சு.

ஆனா, அதே தண்ணியில ஒரு பெரியவர் கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்தபடி நகர்ந்துக்கிட்டிருந்தார். வாயில ஓலையில் பின்னின பறியைக் கடிச்சிருக்கார். ரெண்டு கையும் தண்ணிக்குள்ள தரையைத் தடவுது. சட்டுனு ஒரு கை மேல வரும், இறால் பறிக்குள்ள போகும். வலையும் இல்ல, தூண்டிலும் இல்ல. தூரத்துல அலையாத்திச் செடி கொஞ்சம், அதுக்கு முன்னாடி கொக்குகள். வீடியோவில் இதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை. அங்கே என் கண்ணு புகைபோக்கியைத்தான் பார்த்துச்சு.

புறம்போக்குன்னு நாம திட்டுறோமே, அது வருவாய்த் துறைக் கணக்குல இருக்குற வார்த்தை. தனி ஆள் பட்டா இல்லாத, வரி போடாத நிலம். ஏரி, ஆத்தங்கரை, மேய்ச்சல் நிலம், சுடுகாடுன்னு ஊருக்கே பொதுவானது. யாருக்கும் சொந்தமில்லைங்கிறதை 'எதுக்கும் உதவாதது'ன்னு மாத்தி, அப்புறம் அதையே மனுஷனுக்கு வசவாவும் ஆக்கிட்டோம். அந்த வசவைத் தலைப்பா வெச்சு ஒரு பாட்டு வந்ததுதான் விஷயம். எந்த தயாரிப்பாளர் அந்தத் தலைப்புக்கு ஓகே சொல்லியிருப்பார், சொல்லுங்க?

இதே ரதீந்திரன் இதுக்கு முன்னால 2015-ல் இன்னொரு வீடியோ எடுத்திருந்தார். சோஃபியா அஷ்ரஃப் பாடின 'கொடைக்கானல் வோன்ட்'. நிக்கி மினாஜோட 'அனகோண்டா' பாட்டு மெட்டுல, கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசு பற்றிய ராப். நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யூனிலீவர், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டாலதான் நடந்ததுன்னு சொன்னா அது அநியாயம். 2001-ல் ஆலை மூடினதில் இருந்து பதினஞ்சு வருஷம் நாயா அலைஞ்சது அந்தத் தொழிலாளர்கள். பாட்டு செஞ்சது, அதுவரைக்கும் திரும்பிப் பார்க்காதவங்களைத் திரும்ப வெச்சது.

எண்ணூருக்கு அந்த மாதிரி ஒரு 'சுபம்' கார்டு வரலை. புறம்போக்கு பாடல் வந்த ரெண்டே வாரத்துல, 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. ஆளுங்க பக்கெட்ல எண்ணெய் அள்ளின போட்டோ எல்லாரும் பார்த்தது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து எண்ணெய் இந்த ஆத்துக்குள்ளேயே வந்துச்சு.

சரி, ரெக்கார்டிங்குக்கு வருவோம். நம்மாள் ஸ்டைலா ஹெட்போனை மாட்டிக்கிட்டு மைக்கை நீட்டினான். ஒரே காத்து! 'பர்ர்ர்'னு சத்தத்தைத் தவிர ஒண்ணும் விழலை. கடைசியில என் ஷூவுக்குள்ள இருந்த சாக்ஸைக் கழட்டி மைக்குக்கு மாட்டினோம். (துவைச்சதுதான், சத்தியமா!) அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு... மின் நிலையத்தோட நிக்காத ஹம், பாலத்துல ரயில் போற தடதடப்பு, வலையில கோத்த ஈயக்குண்டு படகு விளிம்புல உரசுற சத்தம், மோட்டார்.

படகுல வலையைப் பிரிச்சுக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் ரொம்ப நேரமா எங்களையே பார்த்துக்கிட்டிருந்தார். 'இன்னாபா, சேனலா?'

'இல்லண்ணே, பாட்டு. நாங்களே பண்றோம்'னான் இவன்.

'எங்க, பாடிக் காட்டு.'

மனப்பாடமா இருந்த முதல் சரணத்தைப் பாடினான். நல்லாத்தான் பாடினான். அண்ணன் வலையைக் கீழ வெச்சுட்டுக் கேட்டார். முடிஞ்சதும், 'கொரலு நல்லாருக்கு. கட்டுமரம்னு வருதே, கட்டுமரம் எங்க கீது? எல்லாம் ஃபைபரு. அப்புறம் கடலு கடலுன்றியே, இது கடலா? நாங்க இத ஆறுன்னுதான் சொல்லுவோம்' என்றார்.

நம்மாள் சிரிச்சுக்கிட்டே போன்ல குறிச்சுக்கிட்டான். அடுத்து பல்லவியைப் பாடினான். அதுதான் அவனோட பெருமையான வரி. ஆறு செத்துப்போச்சுன்னு திரும்பத் திரும்ப வரும். ஹாஸ்டல்ல கேட்டப்போ எனக்கே புல்லரிச்சது.

அண்ணன் முகம் மாறிடுச்சு. 'செத்துப்போச்சுன்னு யார்யா சொன்னது? அப்ப நான் காத்தால அஞ்சு மணில இருந்து இன்னா பண்ணிக்கினுகிறேன்? அதோ அந்தாளு எறா தடவுறாரே, பொணத்துலயா தடவுறாரு?'

எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வரலை.

'கோச்சுக்காத தம்பி. நோவுல கீது. அதான் சொல்லணும். செத்துப்போச்சுன்னு நீயே எழுதிட்டா, கம்பெனிக்காரன் இன்னா சொல்லுவான்? செத்த எடம்தான, இன்னும் கொட்டுன்னுவான்.'

இதுக்கு என்ன பதில் சொல்றது? புறம்போக்குங்கிற வார்த்தைக்கு என்ன ஆச்சோ, அதையே நாங்க இன்னொரு வார்த்தையை வெச்சு இந்த ஆத்துக்குப் பண்ண இருந்தோம். அதுவும் நல்ல எண்ணத்தோட, சோக மெட்டுல! சவுண்டு எடுக்க வராமல் நேரா அப்லோட் பண்ணியிருந்தா எங்களைத் தட்டிக்கேட்க ஆளே இல்லை. கம்பெனி இல்லை, சென்சார் இல்லை, நடுவுல புரோக்கர் இல்லைன்னு இண்டிபெண்டன்ட் மியூசிக்ல நாங்க பெருமைப்படுறதெல்லாம் நிஜம்தான். கூடவே 'தம்பி, இந்த வரி தப்பு'ன்னு சொல்லவும் ஒருத்தர் இல்லைங்கிறது எங்களுக்கு அன்னைக்குத்தான் உறைச்சது.

அப்புறம் அண்ணனே டீ வாங்கிக் கொடுத்தார். இந்த ஆத்துல முன்னாடி என்னென்ன நண்டு, எந்த மாசத்துல எந்த மீன்னு ஒரு மணி நேரம் பேசினார். சாம்பல் மேடானதால தண்ணி குறைஞ்ச நேரத்துல மோட்டார் எங்கெங்க தட்டும்னு கையாலயே வரைஞ்சு காட்டினார். நம்மாள் ரெக்கார்டரை ஆன் பண்ணலாமான்னு கேட்டான். 'பண்ணிக்கோ. ஆனா முடிச்சதும் எனக்கு அனுப்பணும். போன தபா ஒரு காலேஜ் பசங்க வீடியோ எடுத்தாங்க. அனுப்புறேன்னு நம்பர்லாம் வாங்கினாங்க. இன்னும் வருது!'

ஹாஸ்டல் திரும்பினதும் பல்லவியை அழிச்சான். மூணு வாரம் புது வரி வரலை. செமஸ்டர் வேற. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி, ஈயக்குண்டு உரசுற சத்தத்தையே தாளமா வெச்சுப் பாடிக் காட்டினான். 'நோவு'ங்கிற அண்ணனோட வார்த்தைதான் பல்லவியில. யூடியூபுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் போறதுக்கு முன்னாடி, ரஃப் மிக்ஸை அண்ணனுக்கு வாட்ஸ்அப் பண்ணினோம். அன்னைக்கு முழுக்க ப்ளூ டிக் விழலை. நம்மாள் சாப்பிடவே இல்லை. எக்ஸாம் ரிசல்ட்டுக்குக்கூட இவ்வளவு டென்ஷன் ஆனதில்லை அவன்.

மறுநாள் காலையில ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி காத்துச் சத்தம், யாரோ கூப்பிடுற சத்தம். 'கேட்டேன்பா. வூட்லயும் கேட்டாங்க. நல்லாகீது. ஆனா நடுவுல ஒரு மோட்டார் சவுண்டு வருது பாரு... அது என்னுது இல்ல, எங்க மச்சானுது. அது இருமும். என்னுது நல்லா ஓடும். அத்த மாத்திடு.'

அதனால ரிலீஸ் தள்ளிப்போயிருக்கு! வர்ற சனிக்கிழமை மறுபடியும் கும்மிடிப்பூண்டி லோக்கல். இந்தத் தடவை சாக்ஸ் அவனோடது.