வெள்ளையில் மூன்று துண்டு

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வீதியில், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி அந்தத் தையல்கடை. ஒரு கதவு அகலம்தான் இருக்கும். உள்ளே மூன்று மெசின், ஒரு வெட்டுமேசை, சுவரில் முருகன் படம் போட்ட கலண்டர், வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. கால் நீளம் குறைக்கக் கொடுத்த காற்சட்டைக்காக முதல்நாள் அந்த வாங்கில் உட்கார்ந்தேன். காற்சட்டை அன்றைக்கே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏழெட்டுப் பின்னேரங்கள் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் மூன்றாவது மெசின்.

அதில் ஒரு பாட்டி. எழுபது வயதை நெருங்கியவர். பொத்தான் தைப்பதும் விளிம்பு மடித்து அடிப்பதும் அவர் வேலை. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் என்பது கடையில் நடந்த பேச்சில் காதில் விழுந்தது. பேச்சு வேண்டியதில்லை, விரல்களே சொல்லும். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தேயிலைக் கறை ஏறிய கறுத்த வெடிப்புகள், இத்தனை வருடம் கழுவியும் போகாதவை. அந்த விரல்களால்தான் வெள்ளைத் துணியைத் தொடுகிறார். தொடுமுன் ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறார்.

புது வகுப்புத் தொடங்கப் போகிற காலம். கடை முழுக்க வெள்ளை. 1993இலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, எல்லோர் வீட்டுத் துணியும் இந்த ஒரே மேசையில் விரிகிறது. சட்டைக்குக் கைக்குழி வெட்டினால் பிறை மாதிரி ஒரு துண்டு மிஞ்சும். கழுத்து வெட்டினால் அரைவட்டம். கவுணுக்குச் சரித்து வெட்டினால் நீளமாக ஓர் ஆப்பு. முதலாளி வெட்டிக்கொண்டே போவார். மிச்சம் மேசை விளிம்பால் வழிந்து கீழே விரித்து வைத்த உரச்சாக்குக்குள் விழும். அந்தச் சாக்கு பாட்டியுடையது. மற்றக் கடைகளில் இது குப்பை.

வெள்ளை என்றால் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாட்டி சாக்கைக் கவிழ்த்துத் தரம் பிரித்தபோதுதான் தெரிந்தது. கடையிலிருந்து வந்த புதுத் துணி கஞ்சி மினுக்கத்தோடு இருக்கும். அண்ணனின் பழைய சட்டையைத் தம்பிக்குச் சிறிதாக்கி வெட்டியதில் மிஞ்சியது பால் திரிந்த நிறம். நீலம் கூடிப் போன துணியில் ஒரு வானச் சாயல். நைலோன் கலந்தது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார். இப்படி நாலைந்து குவியல். எல்லாம் வெள்ளை, ஒன்றுபோல் ஒன்றில்லை.

பின்னேரம் நாலு மணிக்குக் கடைவேலை தணிந்ததும் அவருடைய வேலை தொடங்கும். அளவுநாடா எடுப்பதில்லை. சோக்கட்டி எடுப்பதில்லை. ஒரு பிறைத்துண்டை எடுத்து மேசையில் வைத்துத் தட்டையாகத் தடவி, அதன் வளைந்த பக்கத்தைக் கண்ணளவில் நறுக்குவார். நேராகத்தான் நறுக்குகிறார் என்று தோன்றும். பொருத்தும்போது பார்த்தால் ஒரு நூல் சரிந்திருக்கும். அந்தச் சரிவுக்கு இணங்க அடுத்த துண்டைத் தேடுவார். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, கால்மிதி சிங்கரில் ஒரே ஓட்டமாக அடிப்பார். மெசினின் பொற்பூ வேலை தேய்ந்து, எஸ் என்ற எழுத்து மட்டும் பாதி மிஞ்சியிருக்கிறது. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல், இது எத்தனையாவது கைக்கு வந்ததோ. அடித்து முடித்துப் பிரித்து, தையல் மடிப்பை நகத்தால் ஒருமுறை கீறி அமர்த்துவார். பிறகு சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால் ஓர் அழுத்து. அந்த இரண்டோடு மூன்றாவது, பிறகு நாலாவது. எங்கே போய் முடியும் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு துண்டையும் வைத்துவிட்டு அவர் பார்க்கும் பார்வை, தெரிந்து பார்க்கும் பார்வை.

மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரம். அதில் நிறத் துண்டுகள்: ரவிக்கை மிச்சம், பாவாடைக் கரை, சீத்தைத் துணி. மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு சிவப்பு எடுத்தார். உள்ளங்கை அகலம். வெள்ளையின் நடுவே வைத்துத் தைத்தார். கண்ணுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. கடையில் வேலை பழகும் பொடியன் எட்டிப் பார்த்து, "சோக்கா இருக்கு பாட்டி" என்றான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்று அங்கிருந்து பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, பாதி பிளேடை எடுத்து அந்தத் தையலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். அரைமணி நேரம் பிடித்தது. சிவப்பைத் தகரத்தில் போட்டுவிட்டு, அதே சிவப்பில் ஒரு விரல் அகலக் கீற்று மட்டும் வெட்டி, நடுவில் அல்ல, வலது ஓரத்துக்குக் கிட்ட, கொஞ்சம் கோணலாக வைத்தார். பொடியன் கேட்டான், "ஏன் பாட்டி பிரிச்சீங்க?"

"அது கத்துதுடா அய்யா" என்றார்.

அந்த வாங்கில் நான் இருந்த நாட்களில் தன் வேலையைப் பற்றி அவர் பேசியது இவ்வளவுதான். இருந்ததில் எதை எடுத்துவிடுவது என்பதைத்தான் அவர் அதிக நேரம் யோசித்தார். ஒட்டுத்துணி என்றால் கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்துத் தைப்பது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இந்த வெள்ளையைப் பார்த்தவர் இனி அப்படிச் சொல்ல மாட்டார்.

துண்டு என்ற சொல்லுக்கு மலையகத்தில் வேறொரு வரலாறும் உண்டு. கங்காணி கூட்டிவந்த ஆட்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அவர்கள் தலையில் ஏறியிருந்த கடனை அடைக்க வேண்டும். அந்தக் கடன்தொகையை எழுதிய தாளுக்குத் துண்டு என்று பெயர். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு காகிதத் துண்டில் கைமாறியது. 1921இல்தான் சட்டம் அதை நிறுத்தியது. கண்டிச்சீமைக் குளிருக்குக் கொடுத்த கறுப்புக் கம்பளிகூடக் கணக்கில் ஏறிய கடன்தான். மழையில் அதைத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக்கொண்டு மலையேறிய பெண்களின் வழியில் வந்தவர் இந்தப் பாட்டி. துண்டு என்ற சொல் அவர் கையில் வேறாகிக் கிடக்கிறது.

ஐந்தாம் நாள் நல்ல மழை. ஒரு பிக்கு கடை வாசலில் ஒதுங்கி நின்றார். ஈரச் சீவரம் உடம்போடு ஒட்டியதில் அதன் தையல் வரிகள் தெரிந்தன. சீவரமும் ஒட்டுத்துணிதான். வரப்பு கட்டிய மகத நாட்டு வயல்களைக் காட்டிப் புத்தர் கேட்க, ஆனந்தர் அந்த மாதிரியிலேயே துணியை வெட்டிச் சேர்க்கும் முறையை அமைத்தார் என்று விநய நூல் சொல்கிறது. சீவர தானமான கடின பூசைக்குத் தரப்படும் துணியை அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயமிட்டு முடிக்க வேண்டும் என்பது விதி. மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்கள் இருக்கிற இந்த ஊரில் துண்டுத்துணி எல்லோரும் வணங்கும் உடை. பாட்டி தலை நிமிர்ந்து பிக்குவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி ஊசிக்கு நூல் கோர்த்தார்.

உலகத்தின் வேறொரு மூலையிலும் இதே கை இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில், ஆறு வளைந்து சூழ்ந்த கீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வயலில் உடுத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். மாதிரிப் படம் இல்லை, மனம் போன போக்கு. அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயோர்க் விட்னியிலும் சுவரில் தொங்கின. 2006இல் தபால் முத்திரையிலும் வந்தன. அங்கும் நெடுங்காலம் அவை குளிருக்குப் போர்த்துகிற பழந்துணிதான். பார்க்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நம் லயங்களில் யார் போய்ப் பார்த்தோம்?

மேல்பக்கம் முடிந்ததும் பாட்டி ஒரு பழைய வொயில் சேலையை அடிக்கு விரித்தார். நடுவில் வைப்பதற்கு வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்திருந்தார். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்ந்து, கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிட்ட கம்பளி. யாருடையது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டார். நாலு விரல் இடைவெளியில் ஒரு வரி, ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியைப் பார்த்து லேசாக அசைந்து போகும். வெள்ளைமேல் வெள்ளை நூல். கிட்டப் போனால்தான் தெரியும்.

கடைசி நாள் வெட்டுமேசையில் முழுதாக விரித்தார். நாலு முழ நீளம், மூன்று முழ அகலம். வெள்ளைத் துண்டுகளை எண்ணத் தொடங்கி நூற்று முப்பதோடு விட்டுவிட்டேன். நிறத்துண்டு மூன்றுதான்: வலது ஓரத்தில் அந்தச் சிவப்புக் கீற்று, கீழே ஒரு மஞ்சள் ஆப்பு, மேல் மூலையில் பெருவிரல் நகமளவு பச்சை. இடையில் முழுவதும் விட்ட இடம். பிள்ளையின் கவுணுக்கு வந்திருந்த ஒரு சிங்கள அம்மா அப்படியே நின்றுவிட்டார். "லஸ்ஸனயி அம்மே", அழகாயிருக்கிறது அம்மா என்றார். என்ன விலை என்று கேட்டார். பாட்டி சிரித்து, சிங்களத்திலேயே, பேத்திக்கு என்று சொன்னார். பேத்தி ஹொஸ்டலுக்குப் போகிறாளாம்.

முதலாளியும் மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்த முறை சாக்கு காலியாகிட்டே அம்மா" என்றார். "நாளைக்கு வெட்டுவீங்கதானே தம்பி" என்றார் பாட்டி. போர்வையை நாலாக மடித்து, சொப்பிங் பையில் போட்டு, மழைக்கு அதன்மேல் ஒரு பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சீருடைத் தையல் நடக்கும் காலத்தில் உங்கள் ஊர்த் தையல்கடைக்குப் போனால், வெட்டுமேசைக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே விழுந்து கிடப்பதை எரித்துவிட வேண்டாம், சாக்கில் கட்டி வையுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அதைத் தைக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலும் இருப்பார்.