லோரி ஏறுவதற்கு முன்

ஆற்றில் சுரங்க மண்ணின் சிவப்பு இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அப்போது எடுக்கும் தண்ணீர் மாதிரி அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். "மழைக் காலத்தில் இந்த ஆறு எப்போதும் கலங்கித்தான் ஓடும்" என்று சுரங்க நிறுவனத் தரப்பு சொன்னால், மறுத்துக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் ஓராங் அஸ்லி கம்பத்திலிருந்து அழைப்பு வந்ததும் நான் முதலில் கேட்பது, லோரி ஏறிவிட்டதா, அளவுக்கல் நடும் ஆட்கள் மட்டும்தான் வந்து போகிறார்களா என்பதே. அளவுக்கல் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, ஆற்றை எழுதி வைப்பது. எந்தத் துறையில் துணி துவைக்கிறார்கள், நத்தை எங்கே பொறுக்குகிறார்கள், கெலா மீன் எந்த மாதம் மேலேறுகிறது, கன மழைக்குப் பின் தண்ணீர் தெளிய எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் கம்பத் தலைவரான தோக் பாத்தினுக்கும் பெண்களுக்கும் அத்துபடி. நாம் போய் அவர்களுக்கு ஆற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை அலுவலகம் தள்ளிவிட முடியாத வடிவில் தாளில் ஏற்றுவதுதான் நம் தொழில்.

ஒரு கம்பத்தில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வரைபடத்தைத் தரையில் விரித்தோம். வீடுகள் இருந்தன, சூராவ் இருந்தது, பாதை இருந்தது. கம்பத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் குழாயின் தலை மட்டும் இல்லை. மலையோடையில் சின்ன அணை கட்டி, தானாக இறங்கும்படி கறுப்புக் குழாயில் விடுகிற தண்ணீர் அது. மாக் சிக் ஒருவர் பாராங் கத்தியுடன் முன்னே நடந்தார். குழாயின் வாயில் கட்டியிருந்த வலையில் ஒட்டிய இலைகளைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு, "இங்கேதான்" என்றார். கைப்பேசியில் எடுத்த அந்தப் புள்ளியை வரைபடத்தில் வைத்தபோது, சுரங்கத்தின் வண்டல் குளம் என்று குறித்திருந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்தது. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கைக்கு அந்தக் கம்பம் எழுப்பிய முதல் கேள்வி அந்தப் புள்ளிதான்.

அறிக்கையில் "நீர்த் தரம் நன்று" என்று வரும் பக்கத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மலேசிய நீர்த் தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., சி.ஓ.டி., அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பி.எச். ஆகிய ஆறை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆர்செனிக்கும் ஈயமும் மாங்கனீசும் அந்த ஆறில் இல்லை. உலோகத்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்டால்தான் உண்டு. நாம் எடுக்கும் மாதிரிக்கும் ஒழுங்கு வேண்டும்: உலோகத்துக்கான போத்தலில் நைட்ரிக் அமிலச் சொட்டு, ஐஸ் பெட்டி, யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, முந்தின இரவு மழையா என்ற குறிப்பு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். இதில் ஒன்று விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தினசரிப் பதிவுக்கு ஆய்வகம் தேவையில்லை. அடியில் குறி போட்ட கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, குறி மறையும் உயரத்தைப் பள்ளிப் பிள்ளைகளே நோட்டில் எழுதிவிடுகிறார்கள்.

வாய்மொழிக்கும் மதிப்புண்டு. டெங்கில் புக்கிட் தம்போயில் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் ஓராங் அஸ்லி மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களுடைய வாய்மொழி வரலாற்றைச் சான்றாக ஏற்று, மரபு நில உரிமையை உறுதி செய்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. பெரியவர்கள் பேசும்போது ஒலிப்பதிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

எழுதி வைத்த பழைய அளவுகள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பகாங்கின் தாசிக் சினி ஏரி 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. அப்படியும் சுற்று மலைகளில் இரும்புத் தாது தோண்டினார்கள். ஜாக்குன் மக்களின் ஏரியில் தாமரை குறைந்தது. அங்கே யூகேஎம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இருந்ததால் பழைய அளவுகள் கிடைக்கின்றன. பெயரே வெளியே தெரியாத ஓடைகளுக்கு அந்த வசதி ஏது?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஈயலம்பத்து மண் சிலாங்கூர் ஆற்றை மேடாக்க, அதன் கரையில் இருந்த பழைய கோல குபு ஊரை வெள்ளம் மூழ்கடித்ததால்தான் கோல குபு பாரு என்ற புது ஊரே எழுந்தது. அதே ஆற்றின் தண்ணீர்தான் இன்று நம் குழாயில் பெருமளவு வருகிறது. அதற்கான அணைக்காகப் பெர்தாக், கெராச்சி கம்பங்களின் தெமுவான் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன.

கம்பத்தில் எல்லாரும் ஒரே குரலில் பேசமாட்டார்கள். லோரி ஓட்டும் வேலை கிடைக்கும் என்று நம்பும் இளைஞனுக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. கிள்ளான் பக்கம் எங்கள் அம்மா வீட்டார் இருந்த தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது, எங்களுக்காகக் கூட்டத்தில் பேசியவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வலி எனக்குத் தெரியும். அதனால் முடிவெடுக்கும் கூட்டம் தொடங்கினால் வெளியாட்கள் எழுந்து போய்விட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒப்புக்கொள்வதானாலும் நிபந்தனையைக் கம்பத்து மக்களே தங்கள் வாயால் சொல்லட்டும்.

அவர்கள் எதிர்க்கத் தீர்மானித்தால் நகரத்துக் கையெழுத்தும் வேண்டும். 2020-இல் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் ஏறத்தாழ 930 ஹெக்டேரை நீக்க அறிவிப்பு வந்தபோது, தெமுவான் கம்பங்களுடன் நகரவாசிகளும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபக் கடிதம் எழுதினார்கள். நீக்கிவிட்டதாக அறிவித்த மாநில அரசு 2021 செப்டம்பரில் அந்த முடிவை ரத்து செய்தது. சுரங்க அறிக்கை பொதுப் பார்வைக்கு வரும்போது யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். நீளமாக எழுத வேண்டியதில்லை. பக்க எண்ணைக் குறித்து, "குடிநீர்க் குழாயின் தலை எங்கே?" என்று கேட்டு அனுப்புங்கள். அது கோப்பில் ஏறும்.