மங்கலாக எரிந்த விளக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் பின்னிரவு. கழிவறைக்குப் போக எழுந்த அம்மா, இருட்டில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே போய், கால் இடறி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. "விளக்கைப் போட்டால் பிள்ளைகள் தூக்கம் கெட்டுவிடுமே என்று பார்த்தேன்" என்று அவர் சொன்னது, விழுந்ததைவிட அதிகமாக எங்களை வருத்தியது.

ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வைத்தோம். பேட்டரியில் ஓடும் விளக்கு அது. பேட்டரி எப்போது தீர்ந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மறுபடியும் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டுதான் போயிருக்கிறார். அன்றுதான் நானே ஒன்று செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

எனக்கு மின்னணுவியல் தொழில் இல்லை, பொழுதுபோக்கு. அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன், வீட்டில் சால்டரிங் கம்பியைப் பிடித்தால் நேரம் போவது தெரியாது. இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது லிட்டில் இந்தியாவும் அதன் அக்கம்பக்கமும்தான். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு அப்பாவோடு போனால், காய்கறிப் பையோடு அப்படியே சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கும் ஒரு நடை போவோம். தரையில் விரித்த துணியில் பழைய வானொலிகள், கடிகாரங்கள், எதற்கென்றே தெரியாத மீட்டர்கள் கிடக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, ஜாலான் புசார் முனையில், சிம் லிம் டவர் இன்றும் இருக்கிறது. கணினிகளுக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேர் வேறு. இது மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் என்று உதிரி பாகங்கள் தேடுவோரின் இடம்.

அங்கே வாங்கிய பொருள்களை வைத்து ஒரே சனிக்கிழமையில் விளக்கைச் செய்துவிட்டேன். உடல் வெப்பத்தை வைத்து நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சார் ஒன்று, ஒரு டிரான்சிஸ்டர், நான்கு வெள்ளை எல்இடி, சில மின்தடைகள், பழைய கைப்பேசி சார்ஜர். அவ்வளவுதான். சென்சார் தரும் சிறிய சைகையைக் கொண்டு டிரான்சிஸ்டர் எல்இடிகளை எரிய வைக்கும். வெரோ போர்டில் கம்பிகளை இணைத்துக் கட்டிலுக்கடியில் ஒட்டினேன். அம்மா காலைக் கீழே வைத்ததும் தரை வெளிச்சமானது.

ஆனால் துடைப்பம் பட்டாலே ஏதாவது ஒரு கம்பி கழன்றது. நடைவழிக்கு ஒன்று, கழிவறை வாசலுக்கு ஒன்று என இன்னும் இரண்டு தேவைப்பட்டன. போதாக்குறைக்கு அம்மா தொலைபேசியில் பெருமையாகச் சொல்லிவிட, தஞ்சாவூரில் இருக்கும் சித்தியும் "எனக்கும் ஒண்ணு செஞ்சு அனுப்பச் சொல்லு" என்றுவிட்டார். கம்பிகளே இல்லாத, அச்சிட்ட மின்சுற்றுப் பலகையாகச் செய்துவிடுவதுதான் வழி. அதை எந்த மென்பொருளில் வரைவது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

இந்த மென்பொருள்கள் செய்யும் வேலை இரண்டு. முதலில், எந்தப் பாகம் எதனோடு சேர வேண்டும் என்று சுற்று வரைபடம் வரைவது. பிறகு, அதே இணைப்புகளைப் பலகையில் செப்புத் தடங்களாக ஓட்டுவது. ஒரு தடம் இன்னொன்றைத் தொட்டுவிடக்கூடாது. குறுக்கே போக வேண்டுமென்றால் ஒரு துளை வழியாக மறுபக்க அடுக்குக்கு இறங்கிப் போக வேண்டும். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடமும் டௌன்டவுன் தடமும் வெவ்வேறு ஆழத்தில் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன அல்லவா, அதே ஏற்பாடு. வரைந்து முடித்ததும் கெர்பர் எனப்படும் கோப்புகளாக மாற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பினால் பலகை அஞ்சலில் வந்துவிடும். எதில் வரைந்தாலும் தொழிற்சாலைக்குப் போவது பெரும்பாலும் அந்தக் கெர்பர் கோப்புதான்.

அப்படியென்றால் எதில் வரைந்தால் என்ன என்று நினைப்போம். நானும் நினைத்தேன். ஆனால் ஒரு மாதம் இரவெல்லாம் மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே போனது.

முதலில் எடுத்தது ஈகிள். 1988இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களில் ஒரு தலைமுறையே அதில்தான் பழகியது. ஆர்டுயினோ பலகைகளின் வரைபடங்கள்கூட அதில்தான் வெளிவந்தன. இலவசப் பதிப்பில் பலகையின் பரப்பு 80 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தட அடுக்குகள் இரண்டுதான். என் விளக்குக்கு அது தாராளம். அதிலேயே வரைந்தேன். தடங்களைத் தானாகவே ஓட்டித் தரும் வசதியைப் பயன்படுத்தினேன். பிழை ஏதும் இல்லை என்று சரிபார்ப்பும் சொன்னது. குறைந்தது ஐந்து பலகைகள் வாங்க வேண்டும் என்பதால் ஐந்து வந்தன.

பாகங்களைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். கையை ஆட்டினேன். விளக்கு எரிந்தது, அணையப்போகும் அகல் விளக்கைப் போல மங்கலாக. ஐந்தும் அப்படியே. மின்சாரத்தை அளந்தேன், 5 வோல்ட் சரியாக வந்தது. சென்சாரும் 3.3 வோல்ட் சைகை தந்தது. அப்படியானால் கோளாறு தடங்களில்தான், மென்பொருள் தானாக ஓட்டிய தடம் மெல்லியதாகப் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த நேரம் பார்த்து இன்னொரு செய்தியும் கண்ணில் பட்டது. 2016இல் ஈகிளை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2017இல் அதைச் சந்தா முறைக்கு மாற்றியது. 2026 ஜூன் 7ஆம் தேதிக்குப் பிறகு அதை வழங்கப்போவதில்லை என்று 2023இல் அறிவித்துவிட்டது. அதன் வசதிகள் ஃபியூஷன் என்ற பெரிய மென்பொருளுக்குள் போய்விட்டன. மாறுவதற்கு எனக்கு நல்ல சாக்குக் கிடைத்தது.

அடுத்து என்ன? ஃப்ரிட்சிங் என்று ஒன்று இருக்கிறது, ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரக் கல்லூரி ஒன்றில் பிறந்தது. மேசையில் கம்பி இணைப்பதைப் படமாகவே காட்டும். பள்ளிப் பிள்ளைகள் தொடங்குவதற்கு அருமை, ஆனால் பலகை வடிவமைப்பில் அதன் கை கொஞ்சம் கட்டுப்பட்டது. ஈசிஇடிஏ இணைய உலாவியிலேயே ஓடும். எதையும் நிறுவ வேண்டாம். வரைந்த இடத்திலிருந்தே பாகமும் பலகையும் ஆர்டர் செய்யலாம். அவசரத்துக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் என் வரைபடத்தைத் திறக்க ஒரு கணக்கும் இணைய இணைப்பும் வேண்டும் என்பது எனக்கு இடித்தது. தஞ்சாவூரை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நின்றது கீகேட். 1992இல் பிரான்ஸைச் சேர்ந்த ழான்-பியர் ஷரா என்பவர் தொடங்கியது. பிறகு, ஜெனீவா அருகே அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் நிலையமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. முற்றிலும் இலவசம். பலகையின் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை, மூல நிரலும் எல்லார்க்கும் திறந்தே இருக்கிறது. 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஈகிள் கோப்புகளை அப்படியே உள்ளே கொண்டுவரவும் முடிகிறது. ஒரு குறை, தடங்களைத் தானாக ஓட்டும் வசதி அதனுள் இல்லை. நாமே ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும்.

எனக்கு அது குறையாகவே படவில்லை. பழைய கோப்பை உள்ளே கொண்டுவந்து, தடங்களை அழித்துவிட்டு, நானே அகலமாக ஓட்டினேன். இரண்டு வாரம் இரவு பத்து மணிக்கு மேல் அதே வேலை. சரிபார்ப்பில் பிழை பூஜ்யம். மீண்டும் ஐந்து பலகைகள். மீண்டும் பொருத்தி, கையை ஆட்டினேன்.

அதே மங்கல்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். இரண்டு கூடங்களில் ஆடிப் பார்த்துவிட்டேன். மூன்றாவதாக வேறு மென்பொருள் தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சித்தி மகன் அழைத்தான். தஞ்சாவூரில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். "அம்மா தினமும் கேக்குறாங்கண்ணே, விளக்கு என்னாச்சு?" என்றான். நடந்ததைச் சொன்னேன். முதல்முறையே அவனுக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தேன். அதில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த முறை கோப்பையே அனுப்பினேன். கீகேட் இலவசம்தானே, கடையின் பழைய மடிக்கணினியில் அன்றிரவே நிறுவித் திறந்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் மறுபடி அழைத்தான். "அண்ணே, வரைபடத்துல டிரான்சிஸ்டர் 2என்3904னு போட்டிருக்கீங்க. நீங்க பலகையில மாட்டியிருக்கறது எது?"

எழுந்து போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் எழுத்தைப் படித்தேன். பிசி547.

வெரோ போர்டில் முதலில் செய்தபோது என்னிடம் இருந்தது 3904. அது தீர்ந்துபோனதால் அடுத்து ஒரு பாக்கெட் 547 வாங்கினேன். இரண்டும் என்பிஎன் வகை, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக, மூன்று கால்களோடு இருக்கும். இந்த வேலைக்கு எதையும் பயன்படுத்தலாம். ஆனால் கால்களின் வரிசை வேறு. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால், 3904க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். 547க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். பலகையில் அச்சிட்டிருந்த அரைவட்டத்தைப் பார்த்து மாட்டியதில் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிவிட்டன. அப்படி மாட்டினால் டிரான்சிஸ்டர் முழுவதும் செத்துவிடாது; அரைகுறையாக வேலை செய்யும். அதுதான் அந்த மங்கல்.

எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்திருக்காது. நான் வரைந்ததும் தடங்களும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் அது பார்க்கும். என் மேசையில் இருக்கும் பாக்கெட்டில் எந்த டிரான்சிஸ்டர் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஈகிளிலிருந்து கீகேட்டுக்குக் கோடுகள் ஒன்றுவிடாமல் வந்தன. என் தவறும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

"பத்துப் பலகையும் குப்பைதான்" என்றேன்.

"தூக்கிப் போடாதீங்கண்ணே, திருப்பிப் போடுங்க" என்றான். புரியவில்லை. "பேஸ் ரெண்டுலயும் நடுவுலதான இருக்கு? டிரான்சிஸ்டரை மட்டும் கழட்டி, முகத்தைத் திருப்பி மாட்டுங்க."

அவ்வளவுதான். ஈயத்தை உருக்கி, கழற்றி, திருப்பி மாட்டி, கையை ஆட்டினேன். சமையலறைச் சுவர் வரைக்கும் வெளிச்சம் போனது. தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்துவந்து "என்னப்பா?" என்றாள்.

இப்போது அலுவலகத்தில் இளைஞர்கள் சிலர் என்னிடம், எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். நான் மூன்றைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பத்து ஆண்டு கழித்தும் உங்கள் கோப்பை உங்களால் திறக்க முடியுமா? பணம் செலவழிக்காமல் இன்னொருவரால் அதைத் திறந்து பார்க்க முடியுமா? சந்தேகம் வந்தால் கேட்க உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அதைப் பயன்படுத்துகிறாரா? எனக்கு இந்த மூன்றுக்கும் கீகேட் ஒத்துவந்தது. உங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ நண்பர் வட்டத்திலோ வேறொன்று பழக்கமென்றால் அதுவே நல்லது. ஒருமாத இரவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் கழிக்காதீர்கள், ஒரே மாலையில் முடிவெடுத்துவிடுங்கள்.

மிச்சப்படும் நேரத்தை இரண்டு வேலைகளுக்குக் கொடுங்கள். ஆர்டர் செய்வதற்கு முன் பலகையின் படத்தை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, கையில் உள்ள பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் கால் வரிசையைப் படித்துப் பாருங்கள். பிறகு, கோப்பை வேறொரு ஆளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்படம் போதாது.

பத்தில் மூன்று பலகைகள் எங்கள் அங் மோ கியோ வீட்டில் இருக்கின்றன. நான்கை ஊருக்குப் போன நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். சித்தி வீட்டில் ஒன்று. மற்றதைத் தம்பி தெரிந்தவர்களுக்கு மாட்டிக் கொடுத்தான். இப்போது கோப்பைத் திருத்தி, அங்கேயே பலகை செய்து வாங்குகிறான். டிரான்சிஸ்டர் இருக்கும் இடத்தில் 'பிசி547 மட்டும்' என்று அச்சிடச் செய்திருக்கிறானாம்.

அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. போன வாரம் கேட்டார், "விளக்கு கொஞ்சம் கண்ணைக் கூசுதே, கொஞ்சம் மங்கலா வைக்க முடியாதாடா?"