சொல்லத் தெரிந்த பிள்ளை

புதன்கிழமை. காவிரிப் பாசன ஊர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. காலை உணவுத் திட்டத்தின் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்த பிள்ளைகள் சட்டையிலேயே ஈரத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஒரே கூடம். அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு, இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன். முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறந்துபோனார்கள்.

முதல் பாடவேளை தமிழ். கடிதம் எழுதும் பயிற்சி. ஊராட்சி மன்றத் தலைவரிடம் தெருவிளக்கு கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். முன்வரிசைப் பையன் ஒருவன் ஒரே மூச்சில் முடித்து நோட்டை நீட்டினான். "எங்கள் தெருவில் விளக்கு எறியவில்லை. போட்டுத் தரவும்." டீச்சர் 'றி'யைச் சுழித்துவிட்டு, "கல்லைத்தான் எறியணும், விளக்கு எரியணும்" என்றார். அதோடு விடவில்லை.

"எந்தத் தெருப்பா?"

"எங்க தெரு டீச்சர்."

"உன் தெரு எதுன்னு தலைவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளா எரியல? அதனால யாருக்கு என்ன கஷ்டம்?"

பையன் திரும்பிப் போய்ப் பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தான். அடுத்த முறை அவன் கொண்டுவந்த கடிதத்தில் கோயில் தெருவின் கடைசிக் கம்பம் இருந்தது. தீபாவளிக்கு முன்பே விளக்கு அணைந்துபோனது இருந்தது. விடிவதற்குள் பால் ஊற்றப் போகும் அவனுடைய அப்பாயி, இருட்டில் வாய்க்கால் மதகில் கால் இடறி விழுந்ததும் இருந்தது. டீச்சர் அதை வகுப்புக்கே படித்துக் காட்டினார். நான்காம் வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

ஐந்தாம் வகுப்புத் தமிழில் செய்யுள் உண்டு, குறள் உண்டு, இலக்கணம் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டி, பிள்ளைக்குக் கைவர வேண்டியது இந்தக் கடிதத்தில் நடந்ததுதான்: முன்பின் தெரியாத ஒருவருக்கும் விளங்கும்படி, காரணத்தோடு, தன் வார்த்தையில் சொல்வது.

எல்லோரும் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. ஜன்னலோரப் பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இது இவன் ஒருவனுடைய சிக்கல் இல்லை. நாடு முழுக்கக் கிராமங்களில் நடக்கும் ஏசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இரண்டாம் வகுப்பு அளவிலான கதையைக் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறார்கள். அதில் தடுமாறுகிறவர்கள் ஏராளம். அடிப்படையைச் சரிசெய்யவே, முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2023–24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. டீச்சர் அந்தப் பையனைத் தனியாக அழைத்து, மற்றவர்கள் காதில் விழாதபடி பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவைத்தார். அவன் ஒரு பத்தி முடித்தான்.

அடுத்து கணக்கு. இன்ச் டேப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வகுப்பறையை அளந்தார்கள். நீளம் 8 மீட்டர், அகலம் 5 மீட்டர். "சுவரோரமா சுத்திவரக் கலர் பேப்பர் ஒட்டணும். எத்தனை மீட்டர் வாங்கணும்?" பல குரல்கள் ஒன்றாக, "நாப்பது!" டீச்சர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரட்டைச் சடைப் பெண் எழுந்து சுவரில் விரலை வைத்தபடி நடந்தாள். எட்டு, ஐந்து, எட்டு, ஐந்து. நான்கு சுவரும் முடிந்ததும் சொன்னாள், "இருபத்தாறு டீச்சர். நாப்பது தரைக்கு."

"அதென்ன தரைக்கு நாப்பது?"

டீச்சர் சாக்பீஸை அவளிடமே கொடுத்தார். அவள் தரையில் நான்கு பக்கமும் ஒரு மீட்டர் வரும்படி கட்டம் போட்டாள். நான்கு பேர் அதற்குள் சம்மணம் போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். இதே அளவில் நாற்பது கட்டம் இந்தத் தரைக்குள் அடங்கும் என்று அவள் விளக்க, சதுர மீட்டர் என்ற சொல் பிள்ளைகள் கண்ணெதிரே தரையில் விரிந்து கிடந்தது. சூத்திரம் அதற்குப் பிறகுதான் கரும்பலகைக்கு வந்தது.

இந்த வகுப்பில் பிள்ளைகள் வழுக்கும் இன்னொரு இடம் பின்னம். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று மளிகைக் கடையில் தயங்காமல் சொல்லும் பிள்ளை, தாளில் 1/2 + 1/4 என்று கண்டதும் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/6 என்று எழுதிவிடுகிறது. இரண்டும் ஒரே கணக்கு என்று காட்ட ஒரு தோசை போதும். அது வீட்டிலேயே இருக்கிறது.

மதியம் சோறும் முட்டையும் சாப்பிட்டு வந்தபின் அறிவியல். பாடம் உடல் உறுப்புகள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணினார்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு 42 வந்தது, ஆக நிமிடத்துக்கு 84. பிறகு மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து எண்ணினாள். 63, ஆக 126. "ஏன் கூடுச்சு?" என்றார் டீச்சர். "ஓடுனதால." "ஓடினா ஏன் கூடணும்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "ஓடும்போது காலுக்கு ஆக்சிஜன் நிறைய வேணும். அதை ரத்தம்தான் கொண்டுபோகும். அதனால இதயம் வேகமா வேலை செய்யுது." மூச்சு ஏன் வாங்குகிறது என்பதையும் அவனே சொல்லிவிட்டான்.

ஆங்கிலம் வேகமாகப் போனது. 'எஸ்டர்டே ஐ கோ' என்று சொன்னவர்கள் எல்லாம் 'வென்ட்'டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் சமூக அறிவியல். மேசை மேல் உலக உருண்டை. ஏழு கண்டங்கள், ஐந்து பெருங்கடல்கள், குறுக்கே ஓடும் அட்சக்கோடுகள், நெடுக்கே ஓடும் தீர்க்கக்கோடுகள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது என்று டீச்சர் உருண்டையைச் சுற்றிக் காட்டியதும் ஒரு பையன் எழுந்தான். "எங்கப்பா துபாய்ல இருக்காங்க. அங்க ஒன்றரை மணி நேரம் கம்மி. நமக்கு முதல்ல விடியுது, அப்புறந்தான் அங்க. அதானே டீச்சர்?" அவன் விரல் தமிழ்நாட்டிலிருந்து கடலைத் தாண்டி மேற்கே போய் நின்றது.

பள்ளி விடும் நேரத்தில் ஓர் அம்மா வந்தார். வயல் வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கால் விரல்களில் சேறு காய்ந்திருந்தது. ஜன்னலோரப் பையனின் அம்மா.

"நல்லா படிக்கிறானா டீச்சர்? அஞ்சாவதுக்குப் பெரிய பரீட்சை வச்சுருவாங்கன்னு சொன்னாங்களே?"

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அறிவித்த தமிழக அரசு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. டீச்சர் அதைச் சொல்லித் தேற்றிவிட்டு, "படிக்கிறதுல கொஞ்சம் பின்தங்கியிருக்கான்மா. நான் பாத்துக்கறேன், நீங்களும் வீட்டுல உக்காரணும்" என்றார்.

"எனக்கு எழுத்து தெரியாதே டீச்சர்."

"நீங்க படிக்க வேணாம். இன்னைக்கு என்ன பாடம்னு அவன் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். புரியலன்னா, புரியல, திரும்பச் சொல்லுன்னு சொல்லுங்க. நீங்க தலையாட்டுற வரைக்கும் அவன் சொல்லணும்."

நாள் முழுக்க நான் பார்த்த அத்தனையையும் இரண்டு நிமிடத்தில் அவர் சொல்லி முடித்துவிட்டார். கடிதத்துக்குத் தெருப் பெயர் கேட்டதும், நாற்பது என்ற விடையை ஏற்காமல் நின்றதும், நாடித்துடிப்புக்குக் காரணம் கேட்டதும் இதற்காகத்தான். நான்காம் வகுப்பு வரை விடை சொன்னால் போதும். ஐந்தில் அந்த விடை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஐந்தோடு தொடக்கப் பள்ளி முடிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்து வரையிலான பள்ளிக்கு 1 கிலோமீட்டர் என்றும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டர் என்றும் தூரம் வகுத்திருக்கின்றன. வரும் ஜூனில் இந்தப் பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போவார்கள். அங்கே பாடத்துக்கொரு ஆசிரியர் இருப்பார். இந்த டீச்சரைப் போல ஒவ்வொருவரின் திக்கலும் தெரிந்த ஒருவர் நாள் முழுக்கக் கூட இருக்க மாட்டார். புத்தகம் தடிக்கும். தானே படித்துத் தானே புரிந்துகொள்ளப் பழகாத பிள்ளை அங்கே முதல் பருவத்திலேயே திணறும், திணறுவதை வீட்டில் சொல்லவும் சொல்லாது.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். சாயங்காலத்தில் கால் மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். போனை அப்பால் வையுங்கள். இரண்டாம் வகுப்புக் கதை ஒன்றைத் தடையில்லாமல் படிக்கிறதா, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடுமாறினால் மறைக்காமல் மறுநாளே ஆசிரியரிடம் சொல்லுங்கள். சரியாகச் செய்தால், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாத ஒருவருக்கு விளக்குவதுதான் பிள்ளைக்கு வேண்டிய பயிற்சி. எழுத்தே அறியாத அம்மாவும் அப்பாவும் இதைச் செய்யலாம். செய்யத்தான் வேண்டும்.