அப்பத்தாவின் பெருக்கல் குறி பட்டன்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் பட்டிமன்றம் நடந்தது தெரியும்தானே? 'வீடியோ கேம் பெட்டி விளையாடவா, படம் பார்க்கவா?' நான் 'விளையாடவே' அணி.

சும்மா பேசவில்லை, ஆதாரத்தோடு பேசினேன். நிண்டெண்டோவின் 'வீ' பெட்டி 2006-இல் வந்தது. அதில் டிவிடி படம் ஓடவே ஓடாது. ஆனாலும் 10 கோடிக்கு மேல் விற்றது! 2013-இல் மைக்ரோசாப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை அறிமுகப்படுத்தும்போது டிவி, டிவி என்றே நெடுநேரம் பேசியது. விளையாடுறவங்க பலர் முகம் சுளித்தார்கள். விற்பனையில் பிளேஸ்டேஷன் 4 முந்திக்கொண்டது.

எதிரணி விடவில்லை. பிளேஸ்டேஷன் 2-ஐ இழுத்தார்கள். 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் அது வந்தபோது டிவிடி பிளேயர் விலை அதிகம். படம் பார்க்கவே இதை வாங்கியவர்கள் நிறைய. மொத்தம் 16 கோடி விற்றதாம். நான் எழுந்து, "படம் பார்க்கிற பெட்டிக்கு எதுக்குங்க இத்தனை பட்டன்?" என்று மடக்கினேன். ஒரே கைதட்டல். ஜெயித்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. அந்தப் பிளேஸ்டேஷன் 2 எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

சித்தப்பா 2008-இல் மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அரசு 2006-இல் தொடங்கிய இலவச டிவி திட்டத்தில் கிடைத்த கலர் டிவியில் மாட்டியிருக்கிறோம். (இரண்டும் இன்னும் ஓடுது, கண்ணு வைக்காதீங்க!) நான் அதில் கார் ரேஸ் விளையாடுவேன். அப்பத்தா ஒரே ஒரு டிவிடி பார்க்கும். உத்தமபாளையத்தில் நடந்த எங்கள் அத்தை கல்யாணம். அதில் தாத்தா பந்தியில் நின்று, "இந்த இலைக்கு ரசம் ஊத்துங்கப்பா" என்று சத்தம் போடுவார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் தவறிவிட்டார். திராட்சைப் பந்தலுக்குள் நிற்கிற போட்டோ ஒன்று இருக்கிறது. ஆனால் குரல்? அந்த டிஸ்க்கில் மட்டும்தான்.

சின்னமனூர் ஸ்டுடியோவில் பென்டிரைவில் ஏற்றக் கொடுத்தோம். கீறல் அதிகம் என்று பாதியிலேயே நின்றுவிட்டது. எங்கள் பெட்டி மட்டும் எப்படியோ படிக்குது. ஆனால் அதற்கும் லென்ஸ் மங்கிவிட்டது. கேம் டிஸ்க்கையும் கல்யாண டிஸ்க்கையும் படிப்பது அதே லென்ஸ்தான். நான் விளையாட விளையாட அது தேய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, "ஏத்தா, ஒங்க தாத்தாவப் போடு" என்றது அப்பத்தா. போட்டேன். டிஸ்க் படிக்கவில்லை. எடுத்துத் துடைத்துப் போட்டேன். இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. அப்பத்தா ஒன்றும் பேசாமல் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தனை பட்டனில் அதற்குத் தெரிந்தது பெருக்கல் குறி போட்ட ஒன்றுதான்.

நாலாவது தடவை படம் வந்தது. அப்பத்தா அந்தப் பட்டனை அமுக்கியது. ரசம் கேட்டார் தாத்தா.

அன்று ராத்திரி கார் ரேஸ் டிஸ்க்கை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி அப்பத்தா முந்தானையில் இருக்கிறது.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு