முயல் காது வெச்ச ஹூடி

அக்கா ஊட்டியில இருக்கா. அவ பொண்ணுக்கு ரெண்டு வயசு. முயல் காது வெச்ச ஹூடி வேணுமாம். திருப்பூர்ல பனியன் துணி வாங்கி, ஹாஸ்டல்ல கையாலேயே தைச்சேன். நீங்களும் தைக்கலாம், மெஷின் வேண்டாம்.

பனியன் துணி இழுபடும். நேரா ஓட்டுத்தையல் போட்டா, தலையை நுழைக்கும்போதே நூல் அறுந்துடும். ஒரு தையல் முன்னே, பாதி பின்னேன்னு போங்க, தாங்கும்.

கண்ணுக்குப் பட்டன் வேண்டாம். குழந்தை பிய்ச்சு வாயில போட்டுக்கும். கறுப்பு நூலாலேயே கண்ணைத் தைச்சிடுங்க.

முக்கியமா, தொப்பியில கயிறு கோக்காதீங்க. சறுக்கு மரத்துல மாட்டினா கழுத்தை இறுக்கிடும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே கயிறு வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

"கயிறு இல்லாம என்னடா ஹூடி?"ன்னு அக்கா கேட்டா. "முயலுக்கு ஏதுக்கா கயிறு?"ன்னேன்.